மூன்றாவது பிளக்

புதுப்பாளையத்தில், கெடிலம் காற்று வருகிற தெருவில்,
வேப்பம்பூ விழுந்து கிடந்த பானட்டைத் தூக்கினேன்.
எண்பத்தொன்பதில் வாங்கிய பத்மினி. வெளிர்பச்சை.
கீலில் மட்டும்
கடல் உப்பு பொரித்த துரு.

கூட்டி வந்தவள் பெனடிக்டா,
மஞ்சக்குப்பத்து லேபில் ரத்தம் எடுப்பவள்.
"பார்த்துச் சொன்னால் போதும்,
பேரம் நான் பேசிக்கிறேன்" என்றாள்.
முன்னூறு ரூபாய் என் கூலி.
விற்பவர் கோதண்டபாணி
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்,
வண்டியை நான் தொடும்போதெல்லாம்
அரை அடி கிட்டே வந்து.

நாலு பிளக்கையும் கழற்றிப்
பழைய பேப்பரில் வரிசையாய் வைத்தேன்,
எது எந்தச் சிலிண்டர் என்று
சாக்பீஸில் எண் போட்டு.
ஒன்று, இரண்டு, நான்கு:
பொறை பிஸ்கட்டின் நிறம்.
உழைக்கிற பிளக் அப்படித்தான் இருக்கும்.
மூன்று மட்டும்
பெண் பார்க்கக் கிளம்பியவன் மாதிரி
முகம் கழுவிப் பளிச்சென்று.

"இது மட்டும் புதுசுங்களா சார்?"
"எல்லாம் ஒண்ணாப் போட்டதுதான்."
பொய் இல்லை.
பீங்கானில் எழுத்து நாலிலும் ஒரே அளவு அழிந்திருந்தது.

பூட்டி, செம்மண்டலம் வரை ஓட்டினேன்.
மிதித்து கியர் மாற்றும்போது
பின்கண்ணாடியில் ஒரு நீலம்,
ஊதுபத்தி அளவுக்கு.
கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம்;
அந்தக் கரி உலர்ந்தது, ஊதினால் பறக்கும்.
நீலம் பறக்காது.

திரும்பி வந்து
கை சுடச்சுட மறுபடி கழற்றினால்
மூன்று நனைந்திருந்தது.
மரையிலும் எண்ணெய்.
முனையில் கறுப்புக் களிம்பு,
தாளித்துவிட்டு மறந்த கரண்டி.
பெனடிக்டா அதை வாங்கி
ரத்தக் குழாயைப் பார்ப்பதுபோல
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
"எங்கேயிருந்து வருது?"

மேலேயிருந்து என்றால் வால்வு சீல், சின்னச் செலவு.
கீழேயிருந்து என்றால் ரிங்,
இன்ஜினைப் பிரிக்கணும்.
கேஜை வைத்துச் சுற்றினோம்.
நூற்று இருபத்தைந்து. நூற்று இருபத்திரண்டு.
எண்பத்தைந்து.
நூற்று இருபத்தாறு.
மூன்றில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு
இன்னொரு தரம்:
நூற்றுப் பதினைந்து.

அந்த ஒரு ஸ்பூன்
தேய்ந்த ரிங்கின் சந்தில் போய்
கொஞ்ச நேரம் நின்று கொடுத்திருக்கிறது.
முள் ஏறினால் நோய் கீழே.

"கடல் காத்து" என்றார் கோதண்டபாணி,
"இந்த ஊர்ல எல்லா வண்டியும் இப்படித்தான்."
நான் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.
ஸ்டெப்னி பார்க்க டிக்கியைத் திறந்தேன்.

மற்ற ஸ்பானரெல்லாம் மெழுகுத்தாள் பிரிக்காமல் இருக்க
பிளக் ஸ்பானரின் பிடி மட்டும் வழுவழுவென்று.
பக்கத்தில் ஊறுகாய் பாட்டில், அரை பாட்டில் பெட்ரோல்.
ஒரு பல் பிரஷ்.
நாலாய் மடித்த உப்புத்தாள்,
மடிப்பில் நைந்து துணியாகிப் போனது.

அவளும் பார்த்தாள்.
ஊசி ஏற்றுவதற்கு முன்னால்
"சாப்டாச்சா?" என்று கேட்கிற அதே குரலில்,
"எவ்வளவு ஓடினா துடைக்கணும் சார்?"

"சிதம்பரத்துக்கு ரெண்டு நடை" என்றார் உடனே,
"மூணாவது நடையில
புதுச்சத்திரம் தாண்டினதும் உதறும்…"
அப்புறம்தான் நிறுத்தினார்.

தெருவில் யாரோ
சைக்கிள் மணியை வீணாக அடித்துக்கொண்டு போனார்கள்.
பின்னால் கட்டியிருந்த கைகள்
அவிழ்ந்து முன்னால் வந்தன.
நகக்கண் பத்திலும் கரி.

பதினோராயிரம் குறைந்தது.
அவர் எதிர்த்துப் பேசவில்லை.
சாவியைக் கொடுத்தார், ஆர்சி புத்தகம் கொடுத்தார்.
பிறகு டிக்கியிலிருந்து அந்த உப்புத்தாளை எடுத்து
முன் இருக்கையில் வைத்தார்,
பூ வைக்கிற மாதிரி.

வண்டி நகர்ந்தபோது கூடவே நடந்து
கண்ணாடிக்குள் குனிந்து சொன்னார்:
"ரிங் போடுற வரைக்கும்தாம்மா.
கம்பி பிரஷ் மட்டும் வேணாம்,
பீங்கான் கீறிக்கும்."