இடப்பக்கம் ஒடிக்கும்போது மட்டும்

ஜவ்ஸ்மா சொன்னதை யாரும் நம்பவில்லை.
ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது மட்டும்
மஞ்சள் விளக்கு எரிகிறது என்றாள்.
உலான்பாத்தரில் வேறெங்கும் இல்லை.
யார்மக்கில் ஒருவன் குளிர்தான் காரணம் என்றான்.
சந்தையில் இருவர் சென்சார் என்றார்கள்,
பழைய காரிலிருந்து அதன் தலையை மட்டும் வெட்டிவந்து
இவள் வயரில் ஒட்டினார்கள், இரண்டு முறை.
இரண்டு முறையும் காசு.
நாலாவதாக என் கராஜ்.

ஸ்கேனரைச் செருகினேன்.
முன் இடச் சக்கரம் என்றது.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
எந்த வீட்டில் அழுகுரல் என்று சொல்லும்,
யார் அடித்தார்கள் என்று சொல்லாது.

தெருவில் ஓட்டிப் பார்த்தோம்.
அவள் ஸ்டியரிங்கில், என் மடியில் திரை.
இருபது, இருபது, இருபது, இருபது.
நான்கு சக்கரமும் ஒரே பேச்சு.
நிலக்கரிப் புகை கண்ணாடியில் படிந்தது.
"பார், உன்னிடமும் நல்ல பிள்ளையாகிவிட்டது"
என்றாள் எரிச்சலோடு.

டயாலிசிஸ் வார்டில் இரவு நர்ஸ் அவள்.
பன்னிரண்டு படுக்கைகளுக்கு நடுவே நின்று
எந்த மெஷின் எதற்குக் கத்துகிறது என்று
காதாலேயே பிரித்துவிடுகிறவள்.
அவளிடம்போய் எல்லாம் உன் பிரமை என்று
எந்த வாயால் சொன்னார்களோ.

"அந்த வாசலை வரைந்து காட்டு."
பில் புத்தகத்தின் முதுகில் வரைந்தாள்:
தடுப்புக் கம்பம், காவலாளி கூண்டு,
ஸ்டியரிங்கை முட்டும்வரை
இடப்பக்கம் ஒடித்தால்தான் நுழையமுடிகிற சந்து.
போன வாரம் அந்தப் பனிக்கட்டியில்
பிரேக் பிடிபடாமல் கம்பம்வரை வழுக்கினாளாம்.

முட்டும்வரை.
அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ஜாக்கியை எடுத்தேன்.

முதலில் ஒட்டுப்போட்ட இடம்.
கறுப்பு டேப்பைப் பிரித்தேன்,
குற்றவாளி இவன்தான் என்று முடிவே கட்டியிருந்தேன்.
ஈயப் பற்று மொழுமொழுவென்று
பழுதே இல்லாமல் இருந்தது.
சந்தைக்காரர்களை மனதுக்குள் திட்டியதை
மனதுக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மீட்டரின் இரு முனைகளையும் மேல் இணைப்பில் வைத்தேன்.
சக்கரம் நேராக: ஆயிரத்து ஐந்நூறு ஓம்.
கையால் வலப்பக்கம் தள்ளினேன்: ஆயிரத்து ஐந்நூறு.
இடப்பக்கம், மெல்ல,
இன்னும் கொஞ்சம்,
முட்டும்வரை.
எண் செத்தது.
திருப்பினேன், பிழைத்தது.
ஒடித்தேன், செத்தது.

ஷாக் அப்சார்பர் ஓரமாக
விரலை வயர்மேல் ஓட்டிக்கொண்டே போனேன்.
தோல் முழுசு, கீறல்கூட இல்லை.
ஓரிடத்தில் மட்டும் உள்ளே ஒன்றுமில்லாதது மாதிரி,
வேகவைத்த நூடுல்ஸ் மாதிரி தொளதொளத்தது.
செம்பு உள்ளுக்குள்ளேயே அறுந்து
நேராக நிற்கும்போது தொட்டுக்கொண்டும்
வளையும்போது விட்டுக்கொண்டும் இருந்தது.

வயரை ஏன் யாரும் கட்டிவைக்கவில்லை?
அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப் உண்டு,
கிளிப்புக்கு ஒரு போல்ட்.
போல்ட் இருக்கவேண்டிய ஓட்டை வெறும் ஓட்டை.
அதற்கு மேலே, ஷாக்கின் நட்டில்,
மஞ்சள் பெயின்ட் பொட்டு.

முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும்
பொட்டு வைப்பது இந்த ஊரில் நான் ஒருத்திதான்.
போன அக்டோபர். அவசரம்.
வாசலில் ஆறு வண்டிகள்.

மேஜைக்கடியில் ஒரு பால்பவுடர் டின்,
வேலை முடிந்தபின் மிஞ்சுகிற போல்ட்கள் அதில்.
மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று
சிரித்துக்கொண்டே போடுவேன்.
கொட்டிக் கிளறினேன்.
பத்து மில்லிமீட்டர் தலை, கிளிப்போடு சேர்ந்தே,
துருகூடப் பிடிக்காமல் கிடந்தது.

ஜவ்ஸ்மா உப்புப் போட்ட பால்தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
குளிர் என்று சொல்லியிருக்கலாம்.
அவள் கோப்பைக்குப் பக்கத்தில் போல்டை வைத்து
"இது நான்" என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள்.
பொட்டைக் காட்டச் சொன்னாள், குனிந்து பார்த்தாள்.
இரண்டு சென்சாருக்குக் கொடுத்த துக்ரிக்கை
நான் எண்ணி நீட்டியபோது
எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

புது வயர், கிளிப், போல்ட். பொட்டு வைக்கவில்லை.
"நீயும் வா" என்றாள்.
கம்பம் உயர்ந்தது.
முட்டும்வரை ஒடித்தாள்.
விளக்கு எரியவில்லை.
மறுபடி வெளியே போய், மறுபடி ஒடித்தாள்.
மூன்றாவது தடவை காவலாளி
கூண்டைவிட்டு எழுந்தே வந்துவிட்டான்.

வண்டியைப் பூட்டிக்கொண்டு
ஷிப்டுக்கு உள்ளே போய்விட்டாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
என்னை யார் கொண்டுவிடுவது என்று
இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

மைனஸ் இருபத்தெட்டு.
நடக்க ஆரம்பித்தேன்.
ஒவ்வொரு முனையிலும்
இடப்பக்கம் திரும்பும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே.