புள்ளிக் கோடு

வக்கீல் வம்சாவளி கேட்டார்,
ஒரே தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.
பலவான்குடி வீட்டுக்கு நாற்பத்து மூன்று பங்கு.
என் பங்குக்கு ஒரு முழுத் தூண்கூட வராது.
ஆனாலும் ஆடிட்டர் என்பதால்
எழுதும் வேலை என் தலையில்.

உச்சியில் ஆவிச்சி என்று போட்டேன்.
அதில் யாருக்கும் தகராறில்லை.
விபவ வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி
மோபின் பக்கம் ஆள் புகாத காட்டைத் திருத்தி
நெல் விளைத்த முதல் ஆள் எங்கள் ஆள்.
கல்யாண வீட்டில் மூன்றாம் பந்திக்குள்
யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள்.
ஒரு குடை, ஓர் இரும்புப் பெட்டி,
சில வாய்களில் ஒரு புலியும் உண்டு.

பூட்டிக் கிடந்த அறையில் பேரேடு கிடைத்தது.
சிவமயம். தமிழ் எண்கள். பூச்சி தின்ற ஓரம்.
ஆள் புகாத காட்டில்
முதல் பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள்:
குடிசை ஒன்பது காலி செய்ய, ரூபாய் பதினெட்டு.
காடு வெட்டிய கரீன் ஆட்கள் நாற்பது பேருக்குக் கூலி;
கீழே, அதே மையில்,
காய்ச்சலில் போன மூவருக்குக் குழிக்கூலி
ஒன்றரை ரூபாய்.
பெயர் இல்லை. பற்று மட்டும்.
புலி எங்கும் இல்லை.

பவ வருஷம் ஐப்பசி, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு:
மூங்கில் தொட்டில் ஒன்று, ஆறணா.
எழுதியிருப்பது தளவாடச் சாமான் கணக்கில்,
தராசுக்கும் சாக்குத் தைக்கும் ஊசிக்கும் நடுவே.
முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கைப் பார்த்தவள் நான்.
இடம் மாற்றி எழுதிய தொகை
புரட்டும்போது லேசாக இருமும்.
அடுத்த மாதம் முதல் ‘மாச்சேனிக்கு’ என்று ஒரு வரி.
நாலைந்து வருஷத்தில் அது ‘வீட்டுக்கு’ ஆகிவிட்டது.

அந்த ஐப்பசியில் சிகப்பி இங்கே இருந்தாள்,
புருஷனைப் பார்த்து ஆறு வருஷம்.
அவளுக்கும் ஒரு நோட்டு உண்டு, உள்ளங்கை அகலம்.
சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டிருக்கிறாள்,
மாமனாருக்குக்கூட, தம்படி தள்ளாமல்.
நேமங்கோவிலுக்குப் புள்ளிவரி
வருஷா வருஷம் அவள் கையால் கட்டியது.
தம்பதி என்றால் ஒரு புள்ளி, ஒருவர் போனால் அரை.
அரையென்று எழுதவா என்று
கணக்கர் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.
‘உசிரோடதான் இருக்காக’
என்று ஓரத்தில் அவள் கோணல் எழுத்து.

பிறகு தாது வருஷம்.
ஊர் கஞ்சித்தொட்டி தேடி நடந்த வருஷம்.
கப்பலில் வந்த அரிசியில் அவர் ஐந்தொகை இரட்டித்தது.
சிகப்பி பிள்ளை கூட்டிக்கொண்டாள்:
ராங்கியத்துப் பங்காளி வீட்டுப் பையன், ஒன்பது வயசு.
மோபினிலிருந்து சம்மதக் கடிதம் வந்தது.
இரண்டு வரி நலம், ஒரு வரி சம்மதம்,
ஆறு வரி நெல் விலை.

அந்தப் பையன் வழிதான்
நாங்கள் நாற்பத்து மூன்று பேரும்.
‘இது ஆவிச்சி மூக்கு’ என்று பெரியப்பா
பெல்ஜியம் கண்ணாடி முன் நின்று தடவிக்கொண்டதெல்லாம்
ராங்கியத்து மூக்கு.
அந்த நிஜ மூக்கு
எந்த ஆற்றங்கரையில், எந்தப் பாஷையில்
தும்மிக்கொண்டிருக்கிறதோ.

வக்கீலிடம் தொட்டிலைச் சொன்னேன்.
‘ஆதாரம் ஆறணாதானா?’ என்று சிரித்தார்.
‘நாற்பத்து நாலாவதாக யாரும் வரப்போவதில்லை.
மனசு கேட்கவில்லை என்றால்
ஒரு புள்ளிக் கோடு போட்டுவிடுங்கள்.’

பென்சிலைச் சீவி
ஆவிச்சிக்கு வலப்பக்கம் ஒரு புள்ளி வைத்தேன்.
முழுசா, அரையா,
நேமத்தில் யாரைக் கேட்பது?
இரண்டாவது வைக்குமுன் தம்பி போன்.
வாங்க வந்தவர்கள் தூண்களைத் தனியாகக் கேட்கிறார்களாம்.
பர்மாத் தேக்கு. ஒன்றுக்கு எவ்வளவு சொல்லலாம்?

எங்கே வெட்டியதென்று கேட்டார்களா, என்றேன்.
இல்லையே, என்றான்.
சுற்றளவுதான் கேட்டார்கள்.