நூற்று நாற்பத்தாறாவது படம்

க்யூம்ரியில் டிசம்பர்.
விளையாட்டுக்கூடத்து வெந்நீர்க் குழாய்கள்
முந்தாநாளிலிருந்து ஊமை.
நான் குப்புறப் படுத்திருக்கிறேன்,
கன்னம் பலகைத் தரையில்,
கைபேசி ஒரு துருப்பிடித்த எடைக்குண்டில் சாய்ந்தபடி.
இந்தச் செயலிக்கு முகம் வேண்டாம்.
பாதம் போதும்.

"தயாரா?" என்கிறேன்.
மேலேயிருந்து பதில் வருவதற்குள்
ஸிரானுஷ் மடங்கி, நிமிர்ந்து,
போய்விட்டாள்.
திரையில் வெறும் தரை.
கொஞ்ச நேரம்
வெறும் தரை.
பிறகு தொப்பென்று இரண்டு காலணிகள்,
கொஞ்சம் தூசி.

மூன்று முறை குதிக்கலாம்.
நல்லது எதுவோ அதன் எண்ணை மட்டும்
எரெவானுக்கு அனுப்பினால் போதும்.
அங்கே வாலிபால் விடுதியில்
ஒரு கட்டில் காலி.
நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவர்கள்
விண்ணப்பிக்க வேண்டாமாம்.

இனி என் வேலை.
ஒரு நொடியை இருநூற்று நாற்பதாய் நறுக்கி
வரிசையாக அடுக்கித் தருகிறது செயலி.
கால் தரையை விட்ட படத்தைத் தொட வேண்டும்.
கால் தரைக்கு வந்த படத்தைத் தொட வேண்டும்.
நடுவில் இருப்பதெல்லாம் அவளுடைய ஆகாயம்.
அதைப் பெருக்கி வகுத்து
உயரம் என்று சொல்லும்.

கிளம்புவது தெளிவாகத் தெரிகிறது.
பெருவிரல் நுனி நீண்டு, இழுபட்டு,
பலாப்பிசின் விடுவதுபோல் விடுகிறது.
வந்து சேர்வதில்தான் வழக்கு.
இரண்டாம் தாவல், நூற்று நாற்பத்தைந்தாவது படம்:
காலணிக்கும் அதன் நிழலுக்கும் இடையே
ஒரு வெளிச்சக் கீற்று.
அல்லது குழல்விளக்கின் நடுக்கம்.
அல்லது என் திரையின் விரிசல்
(ரஸ்தோவில் தார் ஊற்றும் அண்ணன்
அனுப்பியபோதே இருந்தது).
நூற்று நாற்பத்தாறில் கீற்று இல்லை.

இதைத் தொட்டால் நாற்பத்து நான்கு புள்ளி எட்டு.
அதைத் தொட்டால் நாற்பத்தைந்து புள்ளி நான்கு.

இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டால்
மூன்று சென்டிமீட்டர் இனாம்.
இந்தக் கூடத்தில் அது தெரியாதவர்கள் இல்லை.
வார்துஹி போன வருடம் அப்படித்தான் போனாள்,
போய், கட்டிலைப் படமெடுத்து அனுப்பினாள்.
ஸிரானுஷ் கம்பாய் இறங்குகிறாள்.
சொல்லிப் பார்த்தாயிற்று.
"அது நான் குதித்ததில்லை,
உட்கார்ந்தது" என்றாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
அந்தக் கட்டிலுக்கு நானும் கேட்டிருக்கிறேன்.
காலையில் என் முறை முடிந்தது.
நாற்பத்தாறு.
ஆறு மாதமாக நாற்பத்து நான்கைத் தாண்டாதவளுக்கு
நாற்பத்தாறு.
அவள்தான் இதே பலகையில் படுத்து
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
எந்தப் படத்தைத் தொட்டாள் என்று
நான் கேட்கவில்லை.
என் தாவல் இந்தக் கைபேசியிலேயே இருக்கிறது.
திறந்து எண்ணலாம்.
மதியம் முழுக்க எண்ணலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு?"
உள்ளங்கையில் ஊதிக்கொண்டு நிற்கிறாள்,
அவள் மூச்சு
வலைவரை போய்க் கலைகிறது.
"பொறு."
என் விரல் நூற்று நாற்பத்தைந்தில்.
என் விரல் நூற்று நாற்பத்தாறில்.
ஒரு இமைப்பை நாற்பதாய்க் கிழித்தால் வரும் துணுக்கில்
ஒருத்தி ரயிலேறுகிறாள்
அல்லது இங்கேயே
கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

"இரண்டாவது பதிவாகவில்லை" என்கிறேன்,
பதிவை அழித்தபடி.
உதவியா, கெடுதலா,
என்னிடம் கேட்காதீர்கள்,
அதை அளக்க இதில் பொத்தான் இல்லை.

"என் கால் போச்சு, ஆநாஹித்" என்கிறாள்.
"இடது நாடா அவிழ்ந்திருக்கிறது. அதைக் கட்டு முதலில்."
குனிந்து கட்டுகிறாள். முகம் இப்போதுதான்
திரைக்குள் வந்து போகிறது,
மூக்கு நுனி சிவந்து,
என்னைப் பார்க்காமல்.

கன்னத்தை மறுபடி பலகையில் வைக்கிறேன்.
குளிர்.
மடங்குகிறாள்.

வெறும் தரை.

இன்னும்
வெறும் தரை.