பச்சைக் குடம்

மணி இரண்டே முக்கால்.
கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தில்
சரக்கு ரயில்கூட அழுது முடித்துப் போய்விட்டது.
இவன் முடிக்கவில்லை.

பால் கொடுத்தாயிற்று
ஏப்பம் எடுத்தாயிற்று
துணி மாற்றி, மறுபடி மாற்றி,
ஓமத் தண்ணி கூடாது என்று நர்ஸ் சொன்னதால் கொடுக்காமல்,
கொடுத்தால்தான் என்ன என்று யோசித்து,
அதையும் விட்டாயிற்று.
ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில்
சுவரிலிருந்து சுவருக்கு எட்டு எட்டு.
தையல் போட்ட இடம் ஒவ்வொன்றையும் எண்ணுகிறது.

சகாயத்தின் டிரெய்லர்
நேற்று மாலையிலிருந்து எண்ணூர் ரோட்டில் நிற்கிறது.
'முன்னாடி அறுபது வண்டி' என்றான் போனில்.
'ஏன் அழுவுறான்?' என்றான்.
அந்தக் கேள்வியை
யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்
இருபத்து மூன்று நாளாக நானும் வைத்திருக்கிறேன்.

பிறந்ததும் அழவில்லை என்று
ராயபுரம் ஆஸ்பத்திரியில் உள்ளங்காலைச் சுண்டினார்கள்.
அழு அழு என்று நான்தான் வேண்டினேன்.

சொல்லக் கூடாததைச் சொல்கிறேன்.
ஒரு கணம்
அவன் அக்குளில் இருந்த என் விரல்கள்
இறுகுவதைப் பார்த்தேன்,
வேறு யாரோ செய்வதைப் பார்ப்பதுபோல.

டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்த நர்ஸ்
தலை நிமிராமல் சொல்லியிருந்தாள்:
'முடியலன்னா பாயில மல்லாக்கப் போட்டுட்டு
வெளிய வந்துடு. பத்து நிமிஷம் அழுதா ஒண்ணும் ஆவாது.
குலுக்கிடாத.'
அன்று எனக்குக் கோபம் வந்தது.
பெற்ற பிள்ளையை யார் குலுக்குவார்கள்?

பாயில் போட்டேன்.
கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.
உள்ளேயிருந்து வந்த குரலுக்கு
நைட்டி தானாக நனைந்தது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது.
மல்லேஸ்வரி காசிமேட்டுக்குக் கிளம்பும் நேரம்.
காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் அன்னக்கூடை.
லாரித் தண்ணி வரிசையில்
அவள் பச்சைக் குடத்தை நான் தள்ளி வைத்தேன் என்று
என் ஏழாம் மாதத்திலிருந்து பேச்சில்லை.
(தள்ளித்தான் வைத்தேன்.)

பார்த்தாள்.
கூடையை இறக்கினாள். பூட்ஸைக் கழற்றினாள்.
உள்ளே போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து
என்னைத் தாண்டி என் வீட்டுக்குள் போனாள்,
கேட்காமல்.

'இன்னாடா, இன்னா ஓணும் ஒனக்கு?
வஞ்சரம் ஆயிரம். சங்கரா நானூறு.
கானாங்கெளுத்தி வாணாம், ஐஸ் மீனு...'

அவன் நிறுத்தவில்லை.
அவள் தோளிலும் அதே தொண்டை, அதே சிவப்பு.
ஆனால் இன்னொருத்தி கையில்
அது வெறும் அழுகையாக இருந்தது.
என்மேல் எழுதிக் கொடுத்த புகாராக இல்லை.

'ஏலம் போயிடுமே' என்றேன்.
'போனா போவுது. நாளைக்கும் மீனு வரும்.
எம் மூத்தவ நாலு மாசம் கத்துனா.
அப்பறம் ஒரு நாள் கத்தல.
இன்னாத்துக்குன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல.
போய்ப் படு.
கொடத்த நான் மறக்கல.'

விழித்தபோது ஐந்தரை.
கை பாயைத் தடவியது. வெறும் பாய்.
எழுந்து ஓடினால்,
படிக்கட்டில் அந்த மூத்தவள், ஸ்ராவணி,
பள்ளிக்கூடப் பாவாடை மடியில் இவன்
வாய் திறந்து தூங்குகிறான்.
ஒரு கையால் கணக்கு நோட்டைப் புரட்டியபடி
'ஷ்ஷ்' என்றாள் என்னை.

கீழே லாரி ஹாரன்.
எட்டிப் பார்த்தேன்.
என் குடம் ஏற்கெனவே வரிசையில் நின்றது,
பச்சைக் குடத்துக்குப்
பின்னால்.