மந்திரத்தில் விழும் மாங்காய்

சனிக்கிழமை ஒன்பதரைக்கு மேல்
பாடாங் செராய் கடைவரிசையில்
டோபிக் கடையின் மாடியில் விளையாடுகிறோம்.
கீழே இயந்திரம் துணி பிழியத் தொடங்கினால்
மேசை நடுங்கும்,
இருபது முகப் பகடை தானாகப் புரளும்.
அதனால் எங்களுக்கென்று ஒரு விதி:
பிழிந்து முடியும்வரை யாரும் உருட்டக் கூடாது.

ஆட்டம் நடத்துவது நவமணி,
கையுறைத் தொழிற்சாலையில்
இரவு ஷிப்ட் விழாத வாரங்களில் மட்டும்.
அந்த உலகம் முழுக்க அவள் நோட்டில் இருக்கிறது,
சதுப்பு நிலமும் வரி கேட்கும் பூதங்களும்.

நான் அங்கே பூட்டுத் திறப்பவள். பெயர் தும்பி.
பதினோரு மாதம் சேர்த்த புள்ளியெல்லாம்
விரல்களில் போட்டேன்.
வாளுக்கு இல்லை, அழகுக்கு இல்லை.
ஒரு கம்பி, ஒரு சீசா எண்ணெய்,
மூச்சை அடக்கத் தெரிந்த நெஞ்சு.

இன்று கல்லறை வாசலில் இரும்புக் கதவு.
உருட்டினேன்.
மூன்று.
கம்பி உள்ளேயே முறிந்தது என்றாள் நவமணி.

தீனரூபன் சுவரில் சாய்ந்தபடி
ஒரு சொல் சொன்னான்.
கதவு திறந்தது.
உருட்டவில்லை. நிமிர்ந்துகூட உட்காரவில்லை.
அவன் தாளில் ஒரு கட்டம் அடிபட்டது,
அவ்வளவுதான்.

பழகிய கை தடுமாறலாம்,
மனப்பாடம் செய்த வாய் மட்டும் தடுமாறாதா?
சொல் குளறட்டும், நாக்கு சுளுக்கட்டும்,
அவனும் உருட்டட்டும் என்றேன்.
"பெத்துல் லா" என்றான் ஹஃபீஸ்.
ஒரே மதிலில் ஆறு முறை விழுந்தவன் அவன் வீரன்.
நவமணி நோட்டைப் புரட்டினாள்:
"மந்திரம் நாளுக்கு மூணு தடவைதான்.
உன் கம்பிக்குக் கணக்கே இல்ல."
கதவுகளும் நாளுக்கு மூன்றுக்கு மேல் வருவதில்லை
என்றேன்.

பிறகு, சும்மா குத்தலாக,
மந்திரத்தில் மாங்காய் விழுமா என்று கேட்டேன்.
பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

"விழணும்" என்றான் தீனரூபன்.

"நாப்பது அடி மரம். கழி நுனியில அரிவாள்.
தண்ட எங்க வெட்டினா
குல எந்தப் பக்கம் விழும்னு தெரியும்.
பனியில மட்ட வழுக்கும், தெரியும்.
எப்பக் கண்ண மூடணும், அதுவும் தெரியும்.
நல்ல வெட்டுக்காரன்னு மண்டோர் சொல்றாரு.
அந்தப் புள்ளியெல்லாம் இந்தத் தோள்ல கெடக்கு.
சனிக்கிழமையாச்சும்
வாயால தெறந்துட்டுப் போறேனே."

சொல்லிவிட்டு
கறிபாப்பைப் பிட்டு
உருளைக்கிழங்கை மட்டும் தோண்டித் தின்றான்.

நான் கைப்பேசிக் கடையில் நிற்கிறேன்.
எண்ணைச் சொல்வார்கள், தட்டுவேன்.
பத்து ரிங்கிட் காற்றில் போய்
எங்கோ ஒரு தோட்டத்தில்
செத்துக் கிடந்த போன் பேசும்.
ஒரு நாளும் தவறியதில்லை.
நன்றி என்கிறார்கள், என் விரலைப் பார்த்து.
அதற்கு எதுவும் தெரியாது,
கண்ணாடியின் வழுவழுப்பைத் தவிர.

கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு
என்றாள் நவமணி.
தீனரூபனிடம் இரண்டு சொல் மிச்சம்.
அவன் வாயைத் திறக்கவில்லை.
மேசைக்குக் குறுக்கே பகடையைத் தள்ளிவிட்டான்.

எடுத்தேன்.
அதற்குள் கீழே இயந்திரம் உறுமத் தொடங்கியது.
சுற்றுவது அவன் வேலைச் சட்டைகள்தான்,
ஆறு ரிங்கிட் போட்டுவிட்டுத்தான் மாடி ஏறினான்.
பனங்கறை எந்தச் சோப்புக்கும் போகாது என்று
அவனே சொல்லியிருக்கிறான்.

இன்னும் நான்கு நிமிடம்.
உள்ளங்கையில் பகடை சூடேறுகிறது.
யாரும் பேசவில்லை.
முறிந்த கம்பியை
வேறு எப்படி வளைக்கலாம் என்று
என் கட்டைவிரல்
தானாக யோசித்துக்கொண்டிருக்கிறது.