ஒற்றைத் தாள்

மூன்று முறையும்
என்னைத்தான் துழாவினார்கள்.
இரத்தம், கருப்பை, தைராய்டு.
என் கோப்பு ரொட்டிமாவாய் உப்பிக்கொண்டே போனது.
இல்போவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை;
என் கோட்டைப் பிடித்தபடி நடையில் நிற்பான்.

நான்காவதாய்ப் பார்த்த மருத்துவர்
அவன் கையில் ஒரு குப்பியைத் தந்தார்.
பத்தாம் நாள் ஒற்றைத் தாள்:
விந்தணுவுக்குள்ளே
இழைகள் அறுந்து கிடக்கின்றனவாம்.
மூன்று மாதம் சூடு ஆகாது, புகை ஆகாது.

குவோப்பியோவில் சனிக்கிழமை.
ஏரி கெட்டித்துவிட்டது.
சவுனாக் கல்லில் தனியே நீர் ஊற்றுகிறேன்.
வெளியே பனிப்படியில்
கம்பளித் தொப்பியோடு அவன்.

"குளிருதா?"
பதிலில்லை. வெகுநேரம் கழித்து,
கதவோடு பேசுகிறவன்போல்:
"மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தாயா, விர்பி?"

இரண்டுக்கு.
மூன்றாவதை
உனக்கென்று விட்டுவைத்திருந்தேன்.