இந்த வரிசை இனி வராது

"இந்த வரிசை இனி வராது" என்கிறார் றிஸ்மி,
மீன்விலை சொல்வது மாதிரி,
காத்தான்குடிக் கடையின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தபடி.
கம்பனிக்காரன் உள்ளிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.
இனி எல்லாம் கண்ணாடி இல்லாத உடம்பு.

என்னுடையது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் தரம் அடித்துவிட்டது.
ரப்பர் பிடி சைக்கிள் டியூப் பசையில் நிற்கிறது.
லென்ஸுக்குள் கல்லடிக் கடற்காற்று
பூஞ்சணம் வளர்த்திருக்கிறது, சிலந்தி நூல் போல.
எதிர்வெயிலில் படம் முழுக்கப் பால் கலந்துவிடும்.
அதனால் பின்னேர மச்சுகளில்
மேற்குப் பக்கக் கோலை நான் எடுப்பதேயில்லை.

சீட்டுக் காசு மூன்றே முக்கால் லட்சம்.
பழைய பெரிய உடம்பு ஒன்று கிடக்கிறது,
கலியாணப் படக்காரர் ஒருவர் விற்றுப்போனது.
போன வருசம் ஆறு, இன்றைக்கு இரண்டரை.
என் லென்ஸ் அப்படியே ஏறும். பழுதானால் பாட்ஸ் இல்லை.
அல்லது புதியதில் சின்னது;
இடையில் ஒரு வளையம் வேண்டும், பற்றரி அரை நாளைக்கு.

"கண்ணைப் பிடிக்கும் அக்கா."
வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கிறேன்.
ஓட்டோக்காரரின் கண்ணில் ஒரு சதுரம் ஒட்டிக்கொள்கிறது,
அவர் திரும்ப அதுவும் திரும்புகிறது,
ஐஸ்பழக்காரர் குறுக்கே போக அவரோடு கொஞ்சம் போய்,
யோசித்து, ஓட்டோவுக்கே திரும்பி வருகிறது.

றிஸ்மிக்குச் சொல்லாதது ஒன்று:
பதினொரு வருசத்தில் நான் எடுத்த எந்தக் கோலையும்
நான் பார்த்ததில்லை.
அமத்துகிற அந்தக் கணம்
கண்ணாடி எழும்பி என் கண்ணை மூடும்.
பந்து போவது கமராவுக்கு.
எனக்கு இருட்டு.
ஏறாவூர் சப்ரான் தலைகீழாய் அடித்தது
பேப்பரில் நாலு கொலம் வந்தது.
முந்தியதைப் பார்த்தேன், பிந்தியதைப் பார்த்தேன்.

இதில் இருட்டில்லை.
ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பது சின்னத் திரை,
நடந்ததை ஒரு மயிரிழை பிந்திக் காட்டுகிறது.

நொடிக்கு இருபது என்கிறார், முப்பது என்கிறார்.
இருபதில் பத்தொன்பதை அழிக்க
இரவு இரண்டு மணியாகும் என்று எனக்குத் தெரியும்.
பிறகு ஒரு பொத்தானைக் காட்டுகிறார்.
அமத்துகிறேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுபடி அமத்துகிறேன்.
திரையில் மட்டும் ஓட்டோக்காரர் பதினாறு தரம் இருக்கிறார்.
"இந்த மோட்டில கிரிக்கெட் எடுத்தா
மட்டை வாழைப்பழம் மாதிரி வளையும், முன்னுக்கே சொல்லிட்டன்."

வளையட்டும்.

வலயப் போட்டி, நூறு மீற்றர், பெண்கள், இறுதி.
நாலாம் பாதையில் கிருஜனா.
'செற்' சொல்லியாயிற்று, துவக்கு வெடிக்கவில்லை.
இடுப்பு உயர்ந்து, விரல் நுனிகள் கோட்டுக்குப் பின்னால் வெளுத்து.
அமத்தினேன்.
சடக்.
கிளம்பிவிட்டாள்.
மூன்று அடி போன பிறகுதான் பக்கத்தில் எவரும் இல்லை என்று தெரிந்து
திரும்பிப் பார்த்தாள்,
என்னையல்ல, துவக்குக்காரரை.
ஒரு தரம் பிழைத்தால் வெளியே. சட்டம் அதுதான்.
என்ன சத்தம் அது என்று எவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
படம் நல்லாயிருந்தது. மிக நல்லாயிருந்தது.
ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

"எது அக்கா?"
வளையத்தையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.
குறைகிற காசு மாதாமாதம், எட்டுத் தவணை.
பெரிய உடம்பை அவர் பெட்டிக்குள் திருப்பி வைக்கிறார்,
விலைச் சீட்டு வெளியே தெரிய.
"இது எத்தனை வருசம் வரும்?"
சிரிக்கிறார்.
"இதுக்கு அடுத்தது கொழும்புக்கு வந்திட்டுது."

சனிக்கிழமை காலை,
தொடக்கக் கோட்டோரம் நெஞ்சு மண்ணில் பதியப் படுத்திருக்கிறேன்.
எட்டுப் பேரின் கைகள்.
'செற்.'
விரல் அமர்கிறது.
சத்தம் போட என்னிடம் மிச்சம் மூச்சு மட்டும்தான்,
அதையும் பிடித்து வைத்திருக்கிறேன்.
எவரும் அசையவில்லை.